‘வராது’ என்று நான் சொன்னது

அந்தப் பிள்ளைகள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்து, முறத்தில் மல்லாட்டையைக் கொட்டி, தோல் உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கும் குடும்பத்தின் பெண் முதலில் வந்தாள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறவள். அவள் பின்னால், லேப்டாப் பையை மார்பில் மாட்டிக்கொண்டு உயரமாக ஒரு பையன். இன்னும் இரண்டு பேர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று என் வீட்டையும் கோழியையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆயா, விழுப்புரத்துல ஒரு போட்டி வருது. ஜனங்களுக்கு உபயோகமா கம்ப்யூட்டர்ல ஏதாவது செஞ்சி காட்டணும். நாங்க ஒரு டீமா சேர்ந்திருக்கோம். உங்ககிட்ட கொஞ்சம் கேள்வி கேட்டுக்கட்டுமா?”

“என்கிட்ட இன்னா இருக்குது கண்ணு கேக்கிறதுக்கு?”

“உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க ஆயா, அது போதும். நாங்க தீர்த்துடுவோம்.”

உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். “அவ கஷ்டமே நான்தாம்மா. என்னைத் தீர்த்துடாதீங்க.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவருக்கு வாதம் வந்து இடது கால் இழுத்துவிட்டது. வாய் மட்டும் எப்போதும் போலத்தான் இருக்கிறது.

எனக்குப் புது ஆட்களிடம் பேச்சு வராது. முறத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். எனக்குச் சர்க்கரை இருப்பதையும், திண்டிவனத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் மாதா மாதம் மாத்திரை சும்மா கொடுப்பதையும், கிளியனூரில் பஸ் ஏறிப் போய் வாங்கி வருவதையும் சொன்னேன். உயரப் பையன் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே வந்தான். அப்புறம் கேட்டான்:

“சீட்டு போடுற எடத்துல உங்க பேரு, வூட்டுக்காரர் பேரு எல்லாம் குடுக்கணும் இல்ல ஆயா? அது உங்களுக்கு வருமா?”

“அது எப்டிப்பா வரும்? எனுக்கு அது வராது.”

அவன் வேகமாகத் தட்டினான். பக்கத்து வீட்டுப் பெண் பாவமாக என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

நான் சொன்னது என்னவென்றால், என் வீட்டுக்காரர் பேர் என் வாயில் வராது. எங்கள் பக்கத்தில் என் வயசுப் பெண்கள் யாருக்கும் வராது. சொன்னால் அவருடைய ஆயுசு குறையும் என்று சின்ன வயதிலேயே மனதில் ஏறிவிட்டது. அவருக்கு வைத்திருப்பது ஒரு புனிதரின் பேர். கோயிலில் மன்றாட்டு மாலை சொல்லும்போது அந்தப் புனிதரின் பேர் வரும் இடத்தில் மட்டும் உதட்டை மூடிக்கொள்வேன். எல்லோரும் பேரைச் சொல்லி முடித்ததும், ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பதற்கு மட்டும் சேர்ந்துகொள்வேன். பங்குச் சாமியாருக்கே அது தெரியும். ஒரு நாளும் அவர் என்னைக் கேட்டதில்லை.

எழுதுவதற்கு எனக்கு ஒரு தடையும் கிடையாது. கன்னியாஸ்திரி மதர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். வீட்டிலேயே ஒரு துண்டுத் தாளில் என் பேர், வயது, வீட்டுக்காரர் பேர் எல்லாம் எழுதி மடித்து எடுத்துக்கொண்டு போவேன். சீட்டு போடும் ஜன்னலின் கண்ணாடி ஓட்டை வழியாக உள்ளே தள்ளினால், அங்கே இருக்கும் ஆள் பார்த்துவிட்டுச் சீட்டுப் போட்டுத் தருவார். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எனக்கு ரொம்பத் தோதான ஏற்பாடு.

இதைத்தான் அந்தப் பையனிடம் சொல்ல வந்தேன். “அதனால நான் இன்னா பண்ணுவேன்னா...” என்று ஆரம்பிப்பதற்குள், “எவ்ளோ நேரம் வரிசையில நிக்கிறீங்க ஆயா?” என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். முறத்தோடு என்னை ஒரு படம் எடுத்தார்கள். சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்கள். ‘வராது’ என்று நான் சொன்னதை, எழுத வராது, படிக்க வராது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சில வாரம் கழித்துப் பக்கத்து வீட்டில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. பிரெட் வாங்கி வருகிற டப்பா அளவுதான். முன்னால் ஒரு பச்சை விளக்கு, பேசுவதற்கு ஓட்டை ஓட்டையாக ஒரு இடம், கீழே சீட்டு வர ஒரு பிளவு. அந்தப் பெண் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

“இனிமே நீங்க எதையும் எழுத வேணாம் ஆயா. இதுங்கிட்ட வாயால சொன்னா போதும். சீட்டு தானா வரும்.”

“எழுதறதுல எனுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே கண்ணு.”

அவர்கள் வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் எப்போதுமே தொண்டையைத் தாண்டாது. “ஆமா ஆயா, இனிமே கஷ்டமே இல்ல!” என்றாள் அவள். அப்புறம் சொன்னாள்: “ஜெயிச்சோம்னா அந்த டிரஸ்ட்டே இந்தப் பெட்டியை உங்க ஆஸ்பத்திரியில வெச்சிடும். அந்த ஜன்னலே இருக்காது. அந்த ஆள் கத்துறதும் இருக்காது.”

ஜன்னல் இருக்காது. அப்படியானால் என் தாளை எங்கே தள்ளுவது? இதுதான் எனக்கு உடனே மனதில் ஓடியது. கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது. இவள் ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ள வேண்டும், ஜெயித்தாலோ எனக்கு மாத்திரை கிடையாது. எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று புரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

அவரிடம் சொன்னேன். “சொல்லித் தொலையேன்டி,” என்றார். “என் பேரைச் சொன்னா நான் இன்னா அப்பவே பூடுவேனா?”

“வாயைக் கழுவுங்க.”

“காலுதான் போச்சு. பேராவது நல்லா இருக்குதே, யாராவது கூப்புடட்டுமேன்னு பார்த்தேன்.”

“அந்தப் பேச்சே வேணாம்னேன்.”

அவர் நன்றாக நடமாடிய காலத்திலேயே சொல்லாதவள், கால் இழுத்துக் கிடக்கும்போதா சொல்வேன்?

போட்டிக்கு நானும் வந்து மேடையில் பெட்டியோடு பேசிக் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். அந்தப் பெண்ணின் அம்மா வந்து, என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். மறுக்க முடியவில்லை. வேனில் விழுப்புரம் போனோம். பெரிய காலேஜ், பெரிய மண்டபம். சுற்றிலும் மேசை போட்டு ஒவ்வொரு டீமும் ஒன்று வைத்திருந்தது. மாட்டுக் கழுத்தில் கட்டினால் அதற்குக் காய்ச்சல் வருவதை முன்னாலேயே சொல்லும் பட்டை ஒன்று. போர்வெல்லில் தண்ணீர் இறங்கினால் செல்போனுக்குச் செய்தி அனுப்புவது ஒன்று. எல்லாம் நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. மாட்டைக் கூட்டி வராமல் என்னை மட்டும்தான் கூட்டி வந்திருந்தார்கள்.

எங்கள் மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய பேனர். அதில் முறத்தோடு நான். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது: ‘எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து மூதாட்டி.’

நின்று படித்தேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு தரம் படித்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. பேட்ஜ் குத்திக்கொண்டு அங்கே வேலை பார்த்த ஒரு பெண், நான் வெறித்துப் பார்ப்பதைப் பார்த்து அன்பாகப் பக்கத்தில் வந்தாள்.

“உங்க போட்டோதான் ஆயா. அழகா இருக்கீங்கன்னு எழுதியிருக்குது.”

அவளை என்ன சொல்வது? போய் என் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைத் தொட்டேன்.

“கண்ணு, எனுக்குப் படிக்கத் தெரியும்.”

“ஐயோ ஆயா, நானே டென்ஷன்ல இருக்கேன்...” என்றவள் நின்றாள். “தெரியுமா?”

“அஞ்சாவது வரைக்கும். எழுதவும் தெரியும். பேரு வாயில வராதுன்னுதான் அன்னிக்குச் சொன்னேன்.”

அவள் முகம் மாறிவிட்டது. உயரப் பையனைக் கூப்பிட்டுக் காதில் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“இப்பப் போய் இன்னா பண்றது? எல்லாத்தையும் குடுத்தாச்சு. ஆயாவுக்குப் படிக்கத் தெரியும்னா நம்ம ப்ராஜெக்டே எதுக்குன்னு கேப்பாங்களே.” என்னிடம் குனிந்து, கெஞ்சுகிற மாதிரி சொன்னான்: “ஆயா, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் படிக்கத் தெரியாத மாதிரி இருந்துடுங்களேன்.”

அது எப்படி இருப்பது? கண்ணை மூடிக்கொண்டா? நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லோரும் அதைச் சரி என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

மேடையில் அவன் மைக்கைப் பிடித்து இங்கிலீஷும் தமிழுமாகப் பேசினான். ஒருத்தர் சீட்டை இன்னொருத்தர் எடுக்க முடியாது, குரலை வைத்தே பெட்டி கண்டுபிடித்துவிடும் என்று சொன்னதற்கு நல்ல கைதட்டல். அப்புறம் என்னைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பெட்டி ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசியது.

“வணக்கம். தங்கள் பெயரைக் கூறவும்.” சொன்னேன். வயதைக் கேட்டது. சொன்னேன். “தாங்கள் திருமணமானவரா? ஆம் அல்லது இல்லை என்று கூறவும்.” ஆமா என்றேன்.

“தங்கள் கணவரின் பெயரைக் கூறவும்.”

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

“தங்கள் கணவரின் பெயரைக் கூறவும்.”

“சொல்லுங்க ஆயா,” என்று பையன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். பக்கத்து வீட்டுப் பெண் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்காக என்னால் முடிந்ததைச் செய்தேன்.

“மாதா வூட்டுக்காரரு,” என்றேன்.

எங்கள் தெருவில் இப்படிச் சொன்னால் ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். மாதாவுக்கு வீட்டுக்காரர் என்றால் அந்தப் புனிதர்தான், தச்சு வேலை செய்தவர், கோயிலில் கையில் லீலிப் பூ வைத்துக்கொண்டு நிற்கிறவர். பெண்கள் வீட்டுக்காரர் பேரை இப்படித்தான் ஜாடையாகச் சொல்வோம், எதிரில் இருக்கிறவர்கள் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். அந்தப் பெட்டி எங்கள் தெருவில் பிறந்ததில்லை. கொஞ்ச நேரம் உறுமியது. அப்புறம் பிளவு வழியாகச் சீட்டு வந்தது.

நடுவர் ஒருவர் எழுந்து வந்து அதைக் கிழித்து உயரமாகத் தூக்கிக் காட்டினார். “பாருங்க! படிக்கத் தெரியாத ஒரு அம்மா. வாயைத் தொறந்து ரெண்டு வார்த்தை சொன்னாங்க. சீட்டு வந்துடுச்சு. இதுதாங்க டெக்னாலஜி!”

எல்லோரும் தட்டினார்கள். சீட்டு என் கண்ணுக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது: ‘கணவர் பெயர்: மாத வீட்டு வாடகை.’

அவர்களுக்குத்தான் முதல் பரிசு. அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சீட்டைப் படித்துப் பார் என்று அப்போது எப்படிச் சொல்வேன்? திரும்பி வரும்போது வேனில்தான் சொன்னேன். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“ஆயா, தாத்தா இனிமே மாசம் ஒண்ணாந்தேதிதான் வருவாரு!”

நானும் சிரித்தேன். அப்புறம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்: “ஒரு பேனாவும் தாளும் வெச்சி, எழுதிக் குடுக்கிறவங்க எழுதிக் குடுக்கட்டும்னு ஒரு எடம் வைக்க முடியாதாப்பா?”

உயரப் பையன் பொறுமையாகத்தான் பதில் சொன்னான். “அது பழைய முறை ஆயா. அதை ஒழிக்கத்தானே இதைச் செஞ்சோம். நீங்க நேரா பேரைச் சொல்லிட்டீங்கன்னா கரெக்டா அடிச்சிடும்.”

நேராகப் பேரைச் சொல்லிவிட்டால்!

அப்புறம் நான் மாத்திரைக்குப் போனபோது ஜன்னலில் பலகை அடித்திருந்தார்கள். முன்னால் அந்தப் பெட்டி. பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி. வழக்கம்போலத் தாளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவரிடம் நீட்டினேன்.

“இத்த வாங்கிக்கினு நான் இன்னாம்மா பண்றது? அதாண்ட பேசு.”

“எனுக்கு வராதுங்க.”

“பேச வராதா? இப்போ என்கிட்ட பேசிக்கினுதானே இருக்கிற?”

வரிசையில் எனக்குப் பின்னால் அனந்தபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா நின்றாள். அவளுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. “என் காதுல ஜாடை சொல்லு. நான் சொல்லிடுறேன்,” என்றாள். அவள் எங்களைப் போல வேதக்காரி, கிறிஸ்தவள் இல்லை, ஆனாலும் ஜாடையைப் பிடித்துவிட்டாள். பெட்டி கேட்டபோது பின்னாலிருந்து சத்தமாகப் பேரைச் சொன்னாள்.

“குரல் பொருந்தவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்.”

“அடச்சீ, பேஜாரு புடிச்ச பொட்டி!” என்றாள் அவள். செக்யூரிட்டி முறைத்தார். “ஜல்தி ஆவட்டும்மா, பின்னாடி எவ்ளோ பேரு பாரு.”

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பேர் சொன்னேன். வயது சொன்னேன். “தாங்கள் திருமணமானவரா?” என்றது. வரிசை நெளிந்தது. மாத்திரை தீர்ந்து போயிருந்தது, தலை வேறு லேசாகச் சுற்றியது. வெறும் கையோடு போகவும் முடியாது, அவர் பேரைச் சொல்லவும் முடியாது.

“இல்ல,” என்றேன்.

“தங்கள் தந்தையின் பெயரைக் கூறவும்.” அப்பா பேரைச் சொன்னேன். கிர்ரென்று சீட்டு வந்துவிட்டது.

மருந்து கொடுக்கும் இடத்தில் மைக்கில் கூப்பிட்டார்கள். என் பேருக்கு முன்னால் ‘செல்வி’ சேர்த்துக் கூப்பிட்டார்கள். தலை முழுக்க நரைத்த நான் எழுந்து போனபோது, பெஞ்சில் இருந்த இளசுகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மருந்து கொடுத்த பெண் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மாத்திரையை எண்ணி என் கையில் போட்டாள். அனந்தபுரத்து அம்மா மட்டும் வெளியே வந்து என் முந்தானையை இழுத்தாள். அவள் கையிலும் சீட்டு இருந்தது.

“நீ சொன்னதையேதான் நானும் சொன்னேன். எனுக்குப் பேரன் பேத்தியே இருக்குது. இன்னா பண்றது?”

வீட்டுக்கு வந்ததும் அவர் மாத்திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அப்போ சொல்லிட்டே.”

“சொல்லல.”

“சொல்லாம எப்டி குடுத்தான்?”

“கல்யாணம் ஆவலன்னு சொன்னேன்.”

அவர் கூரையைப் பார்த்தார். “ஆவலயா?”

“பொட்டிக்கு மட்டும்.”

“அப்போ இத்தினி வருஷமா எனுக்குக் கஞ்சி காச்சி ஊத்துறது யாரு?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் ஆயுசுக்குப் பயந்துதானே அப்படிச் சொன்னேன். அதை விளக்கிச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. கோயிலில் மோதிரம் மாற்றி, ஊரே பார்க்கக் கட்டிக்கொண்டவரை, ஒரு டப்பாவுக்கு முன்னால் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இரண்டு மாதம் அப்படியே போனது. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள்.

“ஆயா, பெட்டி சூப்பரா ஓடுதாம்! முதல்ல வயசானவங்க ரொம்ப நேரம் எடுத்துக்கினாங்களாம். இப்போ கடகடன்னு எடுத்துக்கினு போறாங்களாம். இதை வெச்சி சென்னைல அடுத்த ரவுண்டுக்குப் போறோம்!”

கடகடவென்று ஏன் எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை பேசாமல் இருக்க முடியவில்லை. என் சீட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் படித்தாள். ‘செல்வி’யைப் பார்த்ததும் குபுக்கென்று சிரித்தாள். அப்புறம் தந்தை பேர் போட்டிருந்த இடத்தைப் பார்த்தாள். மெதுவாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்களா ஆயா?”

“என் வயசுக்காரங்க நெறைய பேரு. எனுக்குத் தெரிஞ்சவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“ஏன் ஆயா என்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“சொன்னேனே கண்ணு. எழுதிக் குடுக்க ஒரு எடம் கேட்டேனே.”

அவள் சீட்டை மடித்து என்னிடம் நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. கெட்ட பெண் இல்லை அவள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னாள்:

“கட்டாயம் மாத்திடுறேன் ஆயா. ஆனா இப்போ கை வெச்சா மறுபடி முதல்ல இருந்து எல்லாம் செஞ்சி காட்டணும். சென்னை ரவுண்டு முடியட்டும். அதுவரைக்கும் இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.”

“அது எப்போ கண்ணு முடியும்?”

“இன்னும் தேதி சொல்லல ஆயா.”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார், மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்கு இந்த மாத மாத்திரை சனிக்கிழமையோடு தீர்கிறது. திங்கட்கிழமை போக வேண்டும்.